கையடக்க பிரிக்ஸ் மீட்டர்: வாங்கலாமா, மேனேஜர் திரும்பிப் பார்ப்பாரா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிற, கம்பெனி பெயர்கூட ஒழுங்காக அச்சடிக்காத பழச்சாற்றின் இனிப்பை, அதாவது பிரிக்ஸை, அளக்கிற இந்தக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கருவியாக மட்டும் பார்த்தால் மூன்றுதான். மீதி அரை, இது எனக்கு வேலையிடத்தில் செய்து கொடுத்த காரியத்துக்கு. அந்தக் காரியத்தைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன், கருவியின் நல்லது கெட்டது மட்டும் வேண்டும் என்கிறவர்கள் நடுவில் கொஞ்சம் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், லேபுக்கு என்று கூப்பிட்டு யார்டில் உட்கார வைத்தார்கள். யார்டு என்றால் பழுக்க வைக்கிற கொட்டகை. லோடு வந்ததும் எடை மேடைச் சீட்டை வாங்கி, எந்தத் தோட்டத்துப் பழம், எந்த மண்டி, எத்தனை கிரேட் (பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி), என்றைக்கு இறக்கியது என்று எழுதி ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சீட்டுக் கட்டுவது. அவ்வளவுதான் வேலை. மேனேஜர் தினம் காலையில் யார்டு வழியாக நடந்து போவார், என்னிடம் அவர் பேசுகிற ஒரே வாக்கியம் "ஏம்மா, சீட்டு எழுதிட்டியா?" பதிலுக்குக்கூட நிற்க மாட்டார். லேபில் ஒரு இடம் காலியானபோது போய்க் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு பையனை அங்கே போட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பையன், ஆனால் டைட்ரேஷன் (புளிப்பை அளக்கிற லேப் சோதனை) எப்படிப் போடுவது என்று முதல் வாரம் என்னிடம்தான் கேட்டுப் போனான்.

இந்த மாதிரி நிலைமையில் இருக்கிறவர்களுக்கு எல்லோரும் ஒரே அறிவுரை சொல்வார்கள்: கூட வேலை செய், சீக்கிரம் வா, லேட்டாகப் போ, கேட்காமலே செய், ஒருநாள் கவனிப்பார்கள். நான் பார்த்த வரையில் கவனிக்க மாட்டார்கள். சீட்டை இன்னும் அழகான கையெழுத்தில் எழுதினால் "சீட்டு நல்லா எழுதுற பொண்ணு" என்ற பெயர்தான் கிடைக்கும், அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் சீட்டுதான். செய்கிற வேலையையே அதிகமாகச் செய்தால் அதே வேலைதான் அதிகமாக வரும். அதனால் நான் வேறு பக்கமாக யோசித்தேன்: இந்தக் கம்பெனியில் யாருமே அளக்காத, ஆனால் எல்லோரும் அதைப் பற்றிச் சண்டை போடுகிற விஷயம் எது?

எங்கள் கம்பெனியில் அது பழத்தின் பிரிக்ஸ். கூழ் வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள், வெளியூர்க்காரர்களுக்குத் தோத்தாபுரி. ஜூன், ஜூலையில்தான் அதன் கூட்டம். காயாக வரும், கொட்டகையில் பழுக்கும், அப்புறம் லைனில், அதாவது கூழ் எடுக்கிற இயந்திர வரிசையில், ஏறும். லைனில் வருகிற கூழில் கரைந்திருக்கிற சர்க்கரை முதலான பொருள்களின் அளவுதான் பிரிக்ஸ், 100 கிராம் கூழ்ச்சாற்றில் 14 கிராம் கரைந்திருந்தால் 14 பிரிக்ஸ் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் பெங்களூரா கூழுக்குக் குறைந்தது 14 கேட்பார்கள். அதற்குக் கீழே போனால் வேறு நல்ல கூழோடு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் விலையைக் குறைத்துத் தள்ள வேண்டும். ஒரு டிரம்மில் 215 கிலோ போகும். அரை நாள் லைன் ஓடிய பிறகு லேபில் இருந்து "13 தான் வருது" என்று சத்தம் வந்தால் அந்த அரை நாளும் யார் தலையிலாவது விடியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கூழாக ஆன பிறகுதான் லேப் அளக்கிறது. எந்த லாட்டை முதலில் லைனில் ஏற்றுவது என்பதை யார்டு மேஸ்திரி நிறத்தைப் பார்த்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வார். அவர் கை நல்ல கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெங்களூராவில் தோல் மஞ்சளாகி உள்ளே இன்னும் மாவாக இருக்கிற பழமும் உண்டு, தோல் பச்சையாகவே இருந்து உள்ளே நன்றாக இனித்துக் கிடக்கிற பழமும் உண்டு. பழுக்க வைக்கிற எத்திலீன் வாயுவை வைத்தால் நிறம் சீக்கிரம் ஏறிவிடும், இனிப்பு அதே வேகத்தில் ஏறும் என்று உத்தரவாதம் இல்லை. (கார்பைடு கல் வைப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரைக்கும் வைக்கலாம் என்று 2016ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது, இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு யார்டுக்கு வந்து வீடியோ எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.)

ஆக, லைனில் ஏறும் முன்னால் லாட் வாரியாக பிரிக்ஸ் எடுத்து, நான் எப்படியும் கட்டப் போகிற சீட்டிலேயே எழுதிவிட்டால் என்ன? லேபில் இருக்கிற மேசைக் கருவியை யார்டுக்குத் தூக்கி வர முடியாது. அதற்காகத்தான் என் காசில் இதை வாங்கினேன். கம்பெனியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் "பாக்கலாம்மா" வரும், அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இனி கருவி. பெட்டியைத் திறந்தால் ஒரு சாண் நீளக் குழல், ஒரு முனையில் நீல நிறக் கண்ணாடிப் பட்டகம், அதன் மேல் மூடுகிற பிளாஸ்டிக் தகடு, மறு முனையில் கண் வைக்கிற ரப்பர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், பில்லர், துடைக்கத் துணி. பேட்டரி இல்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு மூன்று சொட்டுச் சாறு பட்டகத்தில் விட்டு, குமிழி இல்லாமல் தகட்டை மூடி, அரை நிமிஷம் பொறுத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே மேல் பாதி நீலமாகவும் கீழ்ப் பாதி வெள்ளையாகவும் தெரியும், இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. சாற்றில் கரைந்தது அதிகமானால் ஒளி அதிகம் வளையும், கோடு மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒளிவிலகல்தான், பரீட்சையோடு மறந்தது யார்டில் வந்து நின்றது.

வந்தவுடன் அப்படியே நம்பிவிடாதீர்கள். எனக்கு வந்ததில் பூஜ்யமே தப்பாக இருந்தது. வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு சொட்டு விட்டால் கோடு சரியாக 0ல் நிற்க வேண்டும், மேலே இருக்கிற சின்னத் திருகைத் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம். அதோடு விடாமல் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: 10 கிராம் சர்க்கரையை 90 கிராம் தண்ணீரில் முழுக்கக் கரைத்தால் அது 10 பிரிக்ஸ். 15 கிராமுக்கு 85 கிராம் போட்டால் 15. தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துச் செய்து பார்த்தேன், 10ல் சரியாக இருந்தது, 15ல் ஒரு மயிரிழை குறைவு. இந்த விலைக்கு அது போதும். அளவுகோட்டில் ஒவ்வொரு கோடும் 0.2, அதனால் 14.1 என்று யாராவது இதில் படித்ததாகச் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை சூடு. பெட்டியின் மேல் ஏ.டி.சி. என்று பெரிதாகப் போட்டிருக்கும், வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் என்று அர்த்தம். ஆனால் அது 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான். இந்த அளவெல்லாம் 20 டிகிரிக்குக் கணக்கிட்டது, சரிசெய்கிற வசதி இல்லாத கருவியில் 30 டிகிரி சாற்றை வைத்தால் மாம்பழ அளவில் சுமார் 0.7 முதல் 0.8 வரை குறைத்துக் காட்டும். நம் ஊர் மே, ஜூன் மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் 30 எங்கே இருக்கிறது? 13.6க்கும் 14.2க்கும் இடையில்தான் எங்கள் சண்டை மொத்தமும் நடக்கிறது, அதில் 0.7 என்பது பெரிய தொகை. அதனால் நான் காலையில், வெயில் ஏறும் முன்னால் எடுப்பேன். மதியம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சாற்றை மூடிய டப்பாவில் லேப் அறைக்குக் கொண்டுபோய், கருவியையும் அங்கேயே கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் பார்ப்பேன். இதை விற்கிறவர்கள் யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது நார். சாற்றை அப்படியே விட்டால் கோடு பனி மூட்டத்தில் மலை தெரிகிற மாதிரி மங்கிவிடும். மெல்லிய மல் துணியில் பிழிந்து விட வேண்டும். ஒரே பழத்தில் காம்புப் பக்கமும் மூக்குப் பக்கமும் வேறு வேறு அளவு காட்டும், ஒரு பழத்தை வைத்துக்கொண்டு லாட்டைப் பற்றிப் பேசவே கூடாது. மேல் கிரேட், நடுக் கிரேட், அடிக் கிரேட் என்று பத்துப் பழம் எடுத்து, எல்லாவற்றின் சாற்றையும் கலந்து ஒரு சொட்டு. இதை விட்டுவிட்டு மேலே கண்ணில் படுகிற அழகான பழத்தை அறுத்துப் பார்த்து "16 இருக்கு" என்கிறவர்கள் அதிகம்.

குழாயடியில் கழுவாதீர்கள். பட்டகத்தை ஒட்டியிருக்கிற பசை அவ்வளவு உறுதி இல்லை, உள்ளே ஈரம் போனால் கண் வைக்கிற பக்கம் பூத்துவிடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மூடுகிற தகட்டின் கீல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, எனக்குப் பாதி சீசனிலேயே ஆட ஆரம்பித்தது, இப்போது விரலால் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். புளிப்பை இது சொல்லாது, அதற்கு டைட்ரேஷன்தான். அழுகல், நொதிப்பு எதையும் சொல்லாது, புளித்த வாடை வருகிற லாட்டில்கூடச் சமயத்தில் நல்ல எண் காட்டும், அதனால் மூக்கையும் கூடவே கொண்டு போங்கள்.

சரி, மேனேஜர்.

முதலில் நான் போனது மேனேஜரிடம் இல்லை, லேபில் இருக்கிற அண்ணனிடம். காரணம் சாதாரணம்: பிரிக்ஸ் அவர் பேட்டை. யார்டில் ஒரு பெண் தனியாக அளந்து எழுதுகிறாள் என்று மூன்றாம் ஆள் வழியாக அவர் காதுக்குப் போயிருந்தால் முதல் நாளே என் எண்களுக்குப் பாடை கட்டியிருப்பார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். "அண்ணா, என் கருவி எவ்வளவு தூரம் நம்பலாம்னு தெரியல, உங்க ரீடிங்கோட ஒத்துப் பாத்துத் தர்றீங்களா?" என்று கேட்டேன். இரண்டு கருவியிலும் ஒரே சாற்றைப் பார்த்தோம். பெரும்பாலும் 0.2க்குள் இருந்தது. அதற்குப் பிறகு யார்டு எண் யாராவது சந்தேகப்பட்டால் பதில் சொல்கிறவர் அவர்தான், நான் வாயே திறக்க வேண்டியதில்லை. லைனில் பிரிக்ஸ் குறைந்தால் திட்டு வாங்குவது அவர்தானே, முன்கூட்டியே தெரிந்தால் அவருக்கும் லாபம். கூடுதல் பொறுப்பு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்: நீங்கள் எடுக்கப் போகிற வேலை இப்போது யார் கையில் பாதியாவது இருக்கிறது, அவருக்கு இதில் என்ன கிடைக்கும்? இதை யோசிக்காமல் நேராக மேலே போனால் பக்கத்து நாற்காலியிலேயே எதிரி.

அடுத்து மேஸ்திரி. வயதில் பெரியவர், என்னை "பாப்பா" என்பார், எத்தனையோ சீசன் பார்த்தவர். அவரிடம் எண்ணைக் காட்டி "நீங்க எடுத்த லாட் தப்பு" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை, சீட்டின் கீழே எண்ணை மட்டும் எழுதி வைத்தேன். கொஞ்ச நாளில் அவரே அமுக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். சில நாள் அவர் கை சொன்னதும் என் எண்ணும் ஒன்றாக இருக்கும், அப்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. வேறாக இருந்தால் ஒரு பழத்தை அறுத்து அவரே தின்று பார்ப்பார். அதற்கப்புறம் "பாப்பா, எதை ஏத்தலாம்?" என்று கேட்கிற நாள் வந்தது. மேனேஜர் எனக்கு எதையும் கொடுப்பதற்கு முன்னாலேயே பாதிப் பொறுப்பு கைக்கு வந்துவிட்டது, உத்தரவு மட்டும்தான் பாக்கி.

மேனேஜருக்கு நான் தனியாக ரிப்போர்ட் எதுவும் தயார் பண்ணவில்லை. அவர் தினம் காலையில் முதலாளியோடு பேசப் போகும்போது ஒரு தாள் எடுத்துப் போவார்: எத்தனை டன் வந்தது, லைன் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டிரம். அந்தத் தாளை டைப் அடிக்கிற ஆபீஸ் அக்காவிடம் சொல்லி, யார்டில் எந்தெந்த லாட் 14ஐத் தாண்டியிருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு வரி. மேனேஜருக்குப் புதிதாக ஒரு தாளைப் படிக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை, ஆனால் தன் தாளில் தானாக வந்து உட்கார்ந்த வரியைப் படிக்காமல் இருக்க முடியாது. முதலாளி அதைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறார், இவர் என்னவோ சொல்லிச் சமாளித்திருக்கிறார், திரும்பி வந்து "இந்த நம்பர் யார் எடுக்கிறது?" என்று ஆபீஸில் கேட்டாராம்.

அவர் அந்த எண்ணைத் தன் ஏற்பாடு மாதிரி முதலாளியிடம் பேசியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வீட்டில் இரண்டு நாள் முணுமுணுத்தேன். ஆனால் அதன் இன்னொரு பக்கம் என்னவென்றால், தன் ஏற்பாடு என்று வாயால் சொல்லிவிட்டார் அல்லவா, இனி அதை நிறுத்த முடியாது, அடுத்த கேள்வி வரும்போது பதிலுக்கு என்னிடம்தான் வர வேண்டும். வந்தார். நின்று கேட்டார். இத்தனை நாளில் யார்டில் அவர் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

நின்றவர் கேட்டது என்ன தெரியுமா? "இதை மெயின் கேட்டுல வச்சு, லோடு இறங்குறப்பவே பாத்துட்டா என்ன? பிரிக்ஸ் கம்மின்னு விலையக் குறைக்கலாமே."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியை வாங்குகிற மண்டிக்காரர்களும் இதே யோசனையோடுதான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மரத்திலிருந்து பறித்த காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது தண்ணீரில் கரையாது, ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாக மாறும், அப்போதுதான் எண் ஏறும். நன்றாக முற்றிய காய்கூட லோடு இறங்கும்போது 7, 8 என்றுதான் காட்டும், அதே காய் கொட்டகையில் பழுத்தால் 15 வரும். கேட்டில் அளந்து விலையைக் குறைப்பது என்பது தெரிந்தே ஏமாற்றுவது. காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு வாளித் தண்ணீர் போதும், முற்றிய காய் முழுகும், பிஞ்சு மிதக்கும், அதை நம் விவசாயிகளே செய்து காட்டுவார்கள். ஏற்கெனவே 2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்தபோது ஆந்திராவில் ஆலை 8 ரூபாய், அரசாங்கம் 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் வரும்படி அறிவித்தார்கள், இந்தப் பக்கத்து விவசாயிகள் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பறிப்புக் கூலி தேறுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு லோடோடு வந்து நிற்கிறவரிடம் போய் ஒரு குழலை நீட்டி "உங்க காய் 7தான்" என்று என்னால் சொல்ல முடியாது.

அதை அப்படியே மேனேஜரிடம் சொன்னேனா என்றால், அப்படியே சொல்லவில்லை. "சார், காயில எடுத்தா எல்லா லோடும் 7, 8ன்னுதான் காட்டும், நல்லது கெட்டது பிரியாது. விவசாயி ஒருத்தர் விவரம் தெரிஞ்சவரா இருந்து கேள்வி கேட்டா நமக்குப் பதில் இல்ல. முத்தினதான்னு பாக்கணும்னா தண்ணியில போட்டுப் பாக்கலாம் சார்" என்றேன். கூடவே ஒரு காயையும் ஒரு பழத்தையும் அறுத்து இரண்டையும் அவரையே கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரப்பரில் கண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, கேட்டு வேணாம்" என்றார். ஆமாம் சார் என்று தலையாட்டியிருந்தால் கேட்டில் நிறுத்தியிருப்பார், அதுவும் சீட்டு எழுதுகிற வேலைதான், கூடவே ஊர்ச் சாபம். காரணத்தோடு வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் என்னிடம் அவர் பேசுகிற விதமே மாறியது, அது ஏன் என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, ஒருவேளை அவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லையோ என்னவோ.

அந்தச் சூட்டிலேயே நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். லேபில் இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, சம்பளம் என்றும் கேட்கவில்லை. "காலை ஷிஃப்டுல எந்த லாட் முதல்ல ஏறணும்னு வரிசைய நான் போட்டுத் தர்றேன் சார், மேஸ்திரிகிட்ட பேசிட்டேன், ஒரு வாரம் பாருங்க. லேப்ல 14க்குக் கீழ வந்தா மறுபடி பழைய மாதிரியே பண்ணிக்கலாம்." பெரிய பொறுப்பு கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் "பாக்கலாம்மா"தான். சின்னதாக, கெடு வைத்து, தோற்றால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கேட்டால் "சரி" என்று சொல்வது அவருக்குச் சுலபம். அந்த ஒரு வாரம் முடிந்தபோது யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை, வரிசைத் தாள் மட்டும் தினம் என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் கம்பெனியில் உத்தரவு வருவது இப்படித்தான்.

ஒரு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தபோது யார்டு ரெக்கார்டு கேட்டார்கள், என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள், நானே நின்று விளக்கம் சொன்னேன். லாட் வரிசை போடுவது இப்போது அதிகாரபூர்வமாக என் வேலை. கொட்டகை நிரம்பி வழிகிற நாளில் எந்த லோடை உள்ளே விடுவது என்பதற்கும் என்னைக் கேட்கிறார்கள். சம்பளம்? அசையவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்த விமர்சனம் பொய். அடுத்த சீசன் தொடங்கும் முன்னால் அதைத் தனியாகப் பேச வேண்டும், பேசுவதற்குக் கையில் நோட்டு இருக்கிறது. அப்போதும் "பாக்கலாம்மா" என்றால் இந்த மாவட்டத்தில் பர்கூர், காவேரிப்பட்டணம், சந்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாங்கூழ் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

கருவி வாங்கினாலே இதெல்லாம் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓசூர் பக்கம் வால்வு கம்பெனியில் வேலை பார்க்கிற என் சித்தி பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் உடனே தடிமன், விட்டம் அளக்கிற நல்ல டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். அங்கே ஏற்கெனவே எல்லாவற்றையும் அளக்கிறார்கள், அளப்பதற்கென்றே ஆள் இருக்கிறார், இவன் வெர்னியரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிற்பாடு அவன் கண்டுபிடித்தது வேறு: ஷிஃப்ட் மாறும்போது மெஷின் எந்த நிலையில் விட்டுப் போனார்கள் என்று எழுதி வைக்க யாரும் இல்லை, அதனால் முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சாக்பீஸும் ஒரு பலகையும் போதுமானதாக இருந்தது. எங்கே யாரும் அளக்கவில்லை என்று முதலில் தெரிய வேண்டும், கருவி அப்புறம்.

எல்லா மேனேஜரும் எண்ணுக்கு மசிகிறவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில இடத்தில் எண் வெளியே வருவதே பிடிக்காது, ஏனென்றால் அந்த எண் அவர்களையே காட்டிக் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றால் உள்ள வேலைக்கும் ஆபத்து. எங்கள் மேனேஜர் கவனம் இல்லாதவர், கெட்டவர் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காசு செலவழிக்கும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதாக இருந்தால்: 0 முதல் 32 வரை என்று போட்டிருப்பதை வாங்குங்கள், பழத்துக்கும் சாதாரணக் கூழுக்கும் அதுதான். தேனுக்கு 58 முதல் 90 வரை என்று ஒன்று இருக்கிறது, அதில் மாம்பழச் சாற்றை விட்டால் கோடே தெரியாது. உப்புத் தண்ணீர் அளப்பது என்று இன்னொன்று, பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், இறால் பண்ணைக்காரர்கள் வாங்குவது, படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சுண்டக் காய்ச்சிய கான்சன்ட்ரேட் பார்க்கிறவர்களுக்கு 28க்கு மேலே போகும், 32 விளிம்பில் கோடு தெளிவாகத் தெரியாது, அவர்களுக்கு இது சரிப்படாது. கம்பெனிக் காசில் வாங்க முடிகிறவர்கள் யோசிக்காமல் அடாகோ என்கிற ஜப்பான் கம்பெனியின் பாக்கெட் டிஜிட்டல் கருவிக்குப் போங்கள், 0 முதல் 53 வரை பார்க்கும், சில சொட்டு விட்டு மூன்று நொடியில் எண்ணாகவே காட்டிவிடும், விலை பல மடங்கு. சொந்தக் காசு என்றால் இதுவே போதும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வந்த அன்றே சர்க்கரைத் தண்ணீர் சோதனையைச் செய்து, தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். கூடவே மல் துணி கால் மீட்டர், வாலை வடிநீர் ஒரு பாட்டில்.